சுடுகளத்துக்குக் கட்டிய மூட்டை

பிள்ளையைத் திருவிழாவுக்கோ சுற்றுலாவுக்கோ அனுப்பும் தாய்மாருக்கு, மூட்டையில் என்ன வைக்கவேண்டும் என்று ஆசிரியர் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால், பிள்ளை துவக்குச் சுடப் பழகப் போகிறான் என்றால் எதைக் கட்டிக்கொடுப்பது? சென்ற ஆண்டு எமது கல்லூரிக் கடேற் மாணவர் பதினெண்மரை மலைநாட்டிலுள்ள வெட்டவெளிச் சுடுகளம் ஒன்றுக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு என்மேல் விழுந்தது. அப்பொழுது இக்கேள்விக்கு விடை எழுதி வீடுதோறும் அனுப்பவேண்டியவனானேன்.

1881ஆம் ஆண்டில் கொழும்பு றோயல் கல்லூரியில் தொடங்கிய மாணவர் படைப் பயிற்சி, இன்று நாட்டின் பல கல்லூரிகளில் நடைபெறுகிறது. அணிவகுப்பும் முதலுதவியும் போலக் குறிபார்த்துச் சுடுதலும் அதில் ஒரு பாடம். மாணவர் கையாளுவது 0.22 அங்குலச் சன்னம் இடும் சிறிய துவக்கு. சிறியதென்று அலட்சியஞ் செய்தலாகாது. அதன் சன்னம் ஒரு மைலுக்கு அப்பாலும் செல்ல வல்லது.

என் பட்டியலில் முதலிடம் பெற்றது செவிக்காப்பு. துவக்கின் வெடியோசை ஏறத்தாழ 140 டெசிபல் அளவை எட்டும். அவ்வோசை உட்செவியிலுள்ள நுண்மயிர்க் கலங்களை அழித்துவிட்டால் அவை மீண்டும் முளைப்பதில்லை. பஞ்சை உருட்டி வைப்பது காப்பாகாது. கடையில் விற்கும் மென்னுரை அடைப்பானை மெல்லிதாக உருட்டி, மறுகையால் காதை மேலே இழுத்துப் பிடித்துச் செருகி, அது விரியும்வரை விரலால் அழுத்தியிருத்தல் வேண்டும். அடுத்தது, எளிதில் உடையாத கண்ணாடி. மூன்றாவது, கழுத்துவரை பொத்தான் பூட்டிய முழுக்கைச் சட்டை. சுட்டபின் துள்ளி விழும் வெற்றுத் தோட்டா நெருப்பாய்ச் சுடும். அது கழுத்து வழியே உள்ளே விழுந்தால், துவக்கைக் கையில் வைத்தபடி பிள்ளை துள்ளுவான். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. இவற்றோடு விளிம்புள்ள தொப்பி, செருப்பன்றிச் சப்பாத்து, படுத்துச் சுடுவதற்கு ஒரு பாய், தண்ணீர், குறிப்புப் புத்தகம், பென்சில்.

சவர்க்காரமும் துவாயும் எதற்கு என்று சில பெற்றோர் கேட்டனர். சன்னத்திலும் வெடிமருந்துப் புகையிலும் ஈயம் உண்டு. கை, முகம் கழுவாமல் சோற்றுப் பொதியை அவிழ்த்தலாகாது. வீடு திரும்பியதும் அவ்வுடையை வேறாகத் தோய்க்கவேண்டும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது.

மூட்டை கட்டுவதோடு ஆயத்தம் முடிவதில்லை. ஒரு வாரம் மாலைதோறும் மாணவரைக் கல்லூரி மண்டபத்தில் பாய் விரித்துப் படுக்கவைத்து, வெறுங்கையோடு மூச்சை அடக்கி விடப் பழக்கினேன். எந்தத் துவக்கையும் குண்டு ஏற்றியதாகவே கருதுக. சுட எண்ணாத எதன்மீதும் அதன் வாயைத் திருப்பற்க. குறி பார்க்கும்வரை விரலை விசையில் வையற்க. குறிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை அறிக. இந்நான்கையும் வாய்ப்பாடுபோல் ஒப்புவித்தார்கள். தவறு கண்டால் ‘நிறுத்து’ என்று எவரும் குரல் கொடுக்கலாம் என்றும் கற்பித்தேன்.

ஊக்கமூட்டக் கதையும் சொன்னேன். ஹங்கேரி நாட்டுக் கரோலி டக்காச் என்பவர் 1938ஆம் ஆண்டு படைப்பயிற்சியில் கைக்குண்டு வெடித்து வலக்கை சிதையப்பெற்றவர். இடக்கையால் சுடப் பழகி 1948, 1952ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகளில் தங்கப்பதக்கம் வென்றார். எல்லோரும் கைதட்டினர். ஒருவன் மட்டும், “அதுக்குப் பிறகு அவருக்குச் சத்தம் பயமாயிருக்கேல்லையோ, சேர்?” என்று கேட்டான். எனக்கு விடை வரவில்லை.

மறுநாள் அவனுடைய தாயார் சம்மதக் கடிதத்தோடு வந்தார். அவருடைய தமையனார் 2009ஆம் ஆண்டு காணாமற்போனவர்.

“சாமானெல்லாம் வாங்கியிட்டன், சேர். ஒண்டு கேக்கவேணும். அந்தச் சத்தம் என்ரை பிள்ளைக்குப் பழகிப்போகுமோ?”

“விருப்பமில்லாட்டி ஒப்பம் வைக்கவேண்டாம், அம்மா.”

“அவனுக்கு விருப்பம். உங்களோடை எண்டபடியால் விடுறன்.”

என் மேசையிலேயே ஒப்பமிட்டுச் சென்றார்.

சுடுகளத்தில் செங்கொடி ஏற்றப்பட்டது. முதல் அணியில் அறுவர் படுத்தனர். நான் பின்னால் நின்றேன். என் செவியிலும் அடைப்பான் இருந்தது. கட்டளை பிறந்தது, ஆறு வெடிகள் அடுத்தடுத்து முழங்கின. அடுத்த கணம் நான் புல்லின்மேல் குப்புறக் கிடந்தேன். விழுந்தது எனக்கே தெரியாது.

நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் வளவில் மாமரத்தின்கீழ் ஒரு பதுங்குகுழி இருந்தது. சத்தம் கேட்டதும் நிலத்தில் விழுவதை வாய்ப்பாட்டோடு சேர்த்துப் படித்தவர்கள் நாங்கள். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேறிய பெருங்கூட்டத்தில் நானும் ஒருவன். முப்பது ஆண்டில் அவையெல்லாம் மறந்துபோயின என்றே எண்ணியிருந்தேன். என் மாணவரோ போர் முடிந்தபின் பிறந்தவர்கள். ஆசிரியர் ஏன் விழுந்தார் என்று விளங்காமல் திகைத்து நின்றனர். என் வயதொத்த சிங்களப் பயிற்றுநர் ஓடிவந்து அருகில் குந்தித் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். “மெதுவா குடிங்க, மாஸ்டர். எனக்கும் சில நாள் இப்படி வரும்” என்று தாழ்ந்த குரலிற் சொன்னார்.

எழுந்தபின் மாணவரை மரநிழலில் இருத்தி, பதுங்குகுழியின் கதையைச் சொன்னேன். இருபத்தைந்து ஆண்டு ஆசிரியத் தொழிலில் அதை நான் வகுப்பில் சொன்னதேயில்லை. சொல்லி முடித்து, “சுட விரும்பாதவர் சுடவேண்டியதில்லை, அதனால் எவருக்கும் மதிப்புக் குறையாது” என்றேன்.

அவன் தன் முறை வந்ததும் படுத்தான். ஐந்து சன்னங்களில் ஒன்றை மட்டுமே சுட்டான். விதிப்படி விரலை எடுத்து, துவக்கின் வாயைக் குறியின் பக்கமே வைத்துக்கொண்டு, கையை உயர்த்தினான். பயிற்றுநர் வந்து துவக்கை வெறிதாக்கினார். “காணும், சேர்” என்று சொல்லி எழுந்து வந்தவன், பென்சிலை எடுத்துக்கொண்டு மாலைவரை மற்றவர்களின் புள்ளிகளைப் பிழையின்றிப் பதிந்தான். ஒருவரும் நகைக்கவில்லை.

ஊர் திரும்பிய இரவு, தாயார் பேருந்து நிலையத்தில் காத்திருந்தார்.

“பழகிட்டானோ, சேர்?”

“இல்லை, அம்மா. எனக்கே இன்னும் பழகேல்லை” என்றேன். நடந்ததை மறைக்காமற் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் மகனின் மூட்டையை வாங்கித் தம் தோளில் மாட்டிக்கொண்டார்.

இவ்வாண்டும் பட்டியல் எழுதியிருக்கிறேன். செவிக்காப்பு, கண்ணாடி, சட்டை, சவர்க்காரம் யாவும் முன்போலவே உள்ளன. அவற்றுக்கு மேலே முதல் வரியாக ஒன்றைச் சேர்த்திருக்கிறேன்: ‘புறப்படுமுன் வீட்டிலுள்ள பெரியவர்கள், அந்தச் சத்தத்தைப்பற்றித் தமக்குத் தெரிந்ததைப் பிள்ளைக்குச் சொல்லியனுப்புக.’