சோடி சேர்த்த பெடியள்

ஒன்ராறியோவில் உயர்பள்ளி முடிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் 40 மணித்தியாலம் சம்பளமில்லாமல் ஊருக்கு உழைத்திருக்க வேண்டும். 1999 இல் தொடங்கிய விதி அது. பக்கத்து வீட்டுப் பிள்ளை அதற்கான படிவத்தைக் கொண்டுவந்து காட்டினாள். என்ன வேலை, எந்த நாள், எத்தனை மணி, மேற்பார்த்தவரின் கையெழுத்து, எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருந்தது. மணிக்கான கட்டத்தைப் பார்த்ததும், ஒரு மூலையில் குந்தியிருந்து நூலால் செருப்புக் கட்டிக்கொண்டிருந்த பெடியன் ஒருவன் நினைவுக்கு வந்தான்.

2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிந்திய நாட்கள். ஸ்காபரோவில் ஒரு கடைத்தொகுதியின் பின்பக்கக் கிடங்கில் கறுப்புப் பைகள் கூரைவரை குவிந்துவிட்டன. முல்லைத்தீவிலும் மருதமுனையிலும் உடுத்த துணியோடு நின்ற சனத்துக்கு ரொறன்ரோ அள்ளிக் கொடுத்தது. அள்ளிக் கொடுக்கும்போது கை பார்த்துக் கொடுப்பதில்லை. பனிக்கால மேலங்கி வந்தது, குதி உயர்ந்த சப்பாத்து வந்தது, ஒரு பெட்டிக்குள் யாருடையவோ கூறைச் சேலைகூட இருந்தது. பள்ளிக்கூட விடுமுறை என்றபடியால் பெடியளும் பெட்டையளும் காலையிலேயே வந்துவிடுவார்கள். பல்கலைக்கழகப் பிள்ளைகள் பின்னேரம் வருவார்கள். அவர்களில் பாதிப்பேர் அந்தக் கடற்கரைகளைக் கண்ணால் கண்டதில்லை.

அந்தப் பெடியன் பைகளைக் கொட்டி, செருப்புகளுக்குச் சோடி தேடிச் சோடியாக நூலால் கட்டினான். ஒரு பையில் கிடைத்த வலது காலுக்கு இடது கால் வேறெங்கோ பத்துப் பை தள்ளிக் கிடக்கும். கொள்கலனுக்கு நேரமாகிறது என்று ஒரு பெரியவர் அவசரப்படுத்தினார். “விடு தம்பி, அங்க போய்த் தேடி எடுப்பினம்.” பெடியன் நிமிரவில்லை. இங்கே பிறந்த பிள்ளையின் தமிழில், “எல்லாம் போன ஆள், அங்கிள், லைன்ல நிண்டு ஒரு செருப்பு வாங்கக் கூடாது” என்றான். பெரியவர் கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டுத் தானும் ஒரு பையைக் கொட்டி உட்கார்ந்தார்.

அதே கிடங்கில் ஒரு பெண்பிள்ளை பெட்டிகளின் மேல் தமிழில் அளவு எழுதினாள். எங்கள் பட்டியலில் அரிசி இருந்தது, பால்மா இருந்தது, பனடோல் இருந்தது. மாதவிடாய்த் துணி இல்லை. அவள்தான் தோழிகளிடம் காசு சேர்த்து வாங்கிவந்து, வெளியே தெரியாதபடி ஒன்றும் எழுதாத பெட்டிகளில் அடுக்கினாள். பெரிய வேலைகளைப் பெரியவர்கள் பார்த்தார்கள். சனம் கொடுத்த பணத்துக்கு ஈடாகக் கனடா அரசும் பணம் போட்டது. கனேடிய இராணுவத்தின் அனர்த்த உதவி அணி அம்பாறைக்குப் போய்க் குடிதண்ணீர் சுத்திகரித்தது. எழுத்தில்லாத பெட்டி அந்தப் பதினாறு வயதுப் பிள்ளைக்குத்தான் தோன்றியது. அந்த வயதில் வெட்கம் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும், அதனால்தான் என்று நினைக்கிறேன்.

ரொறன்ரோவுக்கும் இப்படி ஒரு இரவு இருந்திருக்கிறது. 1954 ஒக்ரோபர் 15, ஹேசல் சூறாவளி. ஹம்பர் ஆறு பெருகி றேமோர் டிறைவ் என்ற ஒற்றைத் தெருவில் மட்டும் 35 பேரைக் கொண்டுபோனது. கனடாவில் மொத்தம் 81 பேர். துணியும் சப்பாத்தும் வந்து குவிந்ததில், வைக்க இடம் கிடைக்கும்வரை நிறுத்துங்கள் என்று சல்வேஷன் ஆமி கேட்கவேண்டி வந்தது. அந்தக் குவியலையும் யாரோ உட்கார்ந்து சோடி சேர்த்திருக்கத்தான் வேண்டும்.

றேமோர் டிறைவில் அடித்துப்போன வீடுகளைத் திருப்பிக் கட்டவில்லை. ஆற்றோர நிலங்களை எடுத்து, 1957 இல் ஆற்றுப்படுகைகளைக் காக்க ஓர் அதிகாரசபையையும் அமைத்தார்கள். இன்று அந்த இடத்தில் றேமோர் பூங்காவின் புல். 1964 மார்கழிப் புயலில் போன தனுஷ்கோடியையும் மனிதர் வாழ ஏற்ற இடமில்லை என்று அறிவித்து விட்டுவிட்டார்கள். ஹம்பர் கரையில் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். அந்தக் குடும்பங்கள் இன்னொரு தெருவில் குடியிருந்து அதே வேலைக்குப் போகலாம். கடற்றொழிலாளிக்கு அப்படியில்லை. சுனாமிக்குப் பிறகு இலங்கை அரசு தெற்கில் 100 மீற்றர், வடக்குக் கிழக்கில் 200 மீற்றர் கரையை விட்டு வீடு கட்டச் சொன்னது. பிறகு அதைத் தளர்த்தினார்கள்.

பெட்டிகளில் அளவு எழுதிய பிள்ளை 2005 கோடையில் கிழக்குக் கரைக்குப் போனாள். வீட்டு வரைபடம் கீறிப் பழகியவள், உள்ளே தள்ளிக் கட்டும் வீடுகளுக்கு உதவப் போனாள். அங்கே ஒரு அம்மா கேட்டிருக்கிறா: “இங்கயிருந்து கடல் தெரியாதே பிள்ளை, விடியப்புறம் காத்து எந்தப் பக்கம் எண்டு பாக்காமல் அவரை எப்பிடி அனுப்புறது? எஞ்சினையும் வலையையும் ஆர் காவல் காக்கிறது?” பிள்ளை வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, இரண்டு கிழமை அந்த அம்மாவோடு மீன் காயப்போட்டாளாம். பிறகு கீறிய வரைபடத்தில் குசினியை விட வலை வைக்கும் கொட்டில் பெரிதாக இருந்தது. திரும்பி வந்து எனக்கு அதைக் காட்டும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறெந்தப் பட்டமளிப்பிலும் காணவில்லை. கேட்டுவிட்டுக் கட்டுகிற பிள்ளைகள் கிடைத்தால் எந்தக் கரையும் பாக்கியம் செய்தது.

2013 ஜூலை 8 பின்னேரம் ரொறன்ரோவின் பியர்சன் விமானநிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை. ஹேசல் நாளில் அங்கே பதிவானது 121.4. எங்கள் தெருவில் பேஸ்மென்ற்றுகளுக்குள் தண்ணீர் ஏறியது. ஒன்றில் புதிதாக வந்த குடும்பமொன்று வாடகைக்கு இருந்தது. தெருப் பெடியள் யாரும் கூப்பிடாமலே இறங்கி, ஊறிய கம்பளத்தை வெட்டி மேலே இழுத்தார்கள். பூஞ்சணம் பிடிக்கும் என்று சுவரின் அடிப்பலகையையும் கழற்றினார்கள். எறிவதற்கு முன் ஒவ்வொன்றையும் தூக்கி அந்தத் தாயிடம் கேட்டார்கள்: “அன்ரி, வைக்கவோ, எறியவோ?” அவ ஒரு ஈரப் பையை மட்டும் பறித்து மார்போடு அணைத்துக்கொண்டா. அகதி விசாரணைக்கான கடதாசிகள். நின்றுபோன மின்சாரம் திரும்பி வந்ததும் பெடியள் அவற்றை எங்கள் கராஜ் தரையில் தாள் தாளாகப் பிரித்து, பக்கம் மாறாமல் கல் வைத்து, காற்றாடி போட்டுக் காயவைத்தார்கள். விசாரணைக்கு அந்தக் கடதாசிகளைத்தான் கொண்டுபோனா.