ஐயா பூட்டிய பூட்டு

1986 இல் நாங்கள் ஹம்பேர்க் வந்து இறங்கியபோது எங்கள் ஐயாவின் கைகளுக்கு வேலை இருக்கவில்லை. வன்னியில் உழவு, தச்சு, திருத்தவேலை என்று ஓயாதிருந்த கைகள் இங்கே வேலை அனுமதி இல்லாமல் யன்னலோரத்தில் மடியில் கிடந்தன.

1991 இல் ஒரு சனிக்கிழமை. ஃப்ளோமார்க்டில் பழைய இரும்புக் குவியலுக்குள்ளிருந்து ஐயா ஒன்றைத் தூக்கினார். குழலுமில்லை, பிடியுமில்லை. கல்லால் நெருப்பெழுப்பும் பழைய துவக்கொன்றின் பூட்டு மட்டும். பத்து மார்க் கொடுத்து வாங்கி வந்தார்.

"துவக்குக்குப் பயந்துதானே இஞ்சை வந்தனாங்கள். உந்தச் சனியனை ஏன் வீட்டுக்குள்ளை கொண்டு வாறியள்?" அம்மா அழுதேவிட்டா.

அம்மாவின் பயத்திற்குக் காரணம் இருந்தது. ஊரில் வேட்டைக்கென்று எங்களிடம் ஓர் இடியன் துவக்கு இருந்தது. 1985 இல் சுற்றிவளைப்புக்குப் பயந்து ஐயா அதை வயலுக்குள் புதைத்தார். அதில் கல்லுக்குப் பதில் கேப்பு வெடிக்கும். பூட்டின் உள்வேலை மட்டும் ஒரே மாதிரித்தான்.

கீழ்வீட்டுக் கிழவர் ஓய்வுபெற்ற பட்டறைத் தொழிலாளி. அவர்தான் அம்மாவைத் தேற்றினார். 1871 க்கு முந்திய வகைக் கல்துவக்கை முழுதாக வாங்கவே, பதினெட்டு வயதானவருக்கு இந்த நாட்டில் அனுமதிப்பத்திரம் தேவையில்லை, வெடிமருந்துக்குத்தான் அனுமதி வேண்டும் என்றார். நாங்கள் மொழிபெயர்த்தோம்.

பிறகு குசினி மேசையில் வேலை தொடங்கியது. பெரிய வில்லைச் சிறு இறுக்கியால் அமுக்கி முதலில் கழற்ற வேண்டும். அமுக்காமல் கழற்றினால் வில் முறியும், விரலும் போகும். ஒவ்வொரு ஆணியும் தன் துளைக்கே உரியது என்பதால், கழற்றிய வரிசையிலேயே கடதாசியில் குத்தி வைத்தார். மண்ணெண்ணெயில் ஊறவிட்டுத் துருவைத் துடைத்தார். பற்களின் விளிம்பில் மட்டும் அரம் படவிடவில்லை. அது மழுங்கினால் குதிரை நிற்காது.

எங்களுக்கு அது டொச் வகுப்புமாயிற்று. நாங்கள் குதிரை என்பதை அவர்கள் 'ஹான்' என்கிறார்கள், அதாவது சேவல். மருந்து வைக்கும் கிண்ணம் 'ஃபன்ன', எங்கள் தாச்சி. பற்கள் வெட்டிய உருளை 'நுஸ்', கொட்டை. வில் 'ஃபேடர்', அதுவே இறகும்!

திரும்பப் பூட்டியபோது அரைவாசிக் கட்டையில் குதிரை நிற்கவில்லை. அந்தக் கட்டை பிடிக்காத துவக்கு தற்செயலாக வெடிக்கும். ஐயா இரண்டு நாள் பேசாமல் யோசித்தார். மூன்றாம் நாள் நாக்கின் ஆணியைக் கால் சுற்றுத் தளர்த்தினார். இறுகியிருந்த நாக்கு விடுபட்டு 'டிக்' என்று பல்லில் விழுந்தது. பிறகு கல்லைத் தோலில் சுற்றிக் குதிரையின் வாயில் வைத்துத் தட்டினார். பொறி பறந்தது. அது கல்லின் பொறியல்ல, கல் சுரண்டிய உருக்கின் துகள்கள் என்று கிழவர் விளக்கினார்.

வயலில் புதைத்த கதையைக் கேட்டதும் அவர் சிரித்தார். துவக்கைத் தானிய வயலில் எறிவது, 'டீ ஃபிளின்டெ இன்ஸ் கோர்ன் வெர்ஃபென்', என்றால் டொச்சில் மனம் தளர்ந்து கைவிடுவது என்று பொருளாம். 'ஃபிளின்டெ' என்ற பெயரே அந்தக் கல்லால் வந்தது.

"நாங்கள் பிள்ளையளை உயிரோடை வைச்சிருக்கத்தான் எறிஞ்சனாங்கள் எண்டு சொல்லுங்கோ" என்றார் ஐயா. சொன்னோம். கிழவர் சிரிப்பை நிறுத்தி ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த கிழமை அவர் தன் பழைய சுவர் மணிக்கூட்டைக் கொண்டுவந்தார். பிறகு அயலவர்களின் தையல் மெசின்களும் வந்தன. அம்மாவே கதவைத் திறந்து வாங்கி வைத்தா.

புதிதாக வந்திருக்கும் உறவுகளே, உங்கள் வீட்டிலும் யன்னலோரம் சும்மா கிடக்கும் கைகள் இருக்கும். ஊரில் அவை என்ன செய்தன என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள்.