மைனர் காரில் பொத்துவிலுக்கு

மருதமுனையிலிருந்து பொத்துவிலுக்கு எழுபது கிலோமீற்றருக்கு மேல். பஸ்ஸில் போகலாம். ஆனால் மூன்று பொதி சாரனைத் தூக்கிக்கொண்டு அக்கரைப்பற்றில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நிற்பது என் முதுகுக்கு இனி ஏலாது. எங்கள் தறியில் நெய்த சாரனைப் பொத்துவில் கடைகளுக்கு மாதம் ஒருமுறை கொண்டுபோய்க் கொடுப்பது என் தொழில். அதனால் இந்த முறை அடுத்த வளவு ராத்தா "நானும் பொத்துவிலுக்குத்தான் போறன், வா புள்ள" என்றதும் பொதிகளை அவரது காரின் பின் ஆசனத்தில் ஏற்றிவிட்டேன்.

கார் என்றால் புதுக்கார் அல்ல சகோதரிகளே. 1958ஆம் ஆண்டு மொரிஸ் மைனர். இன்னும் பழைய ஸ்ரீ இலக்கத் தகடுதான். ராத்தாவை விட வயது கூடிய கார். அவருக்கு இப்போது அறுபத்தொன்று.

சுபஹ் தொழுதுவிட்டு வந்து திறப்பைத் திருப்பினார். இஞ்சின் சத்தம் வரவில்லை. "டக் டக் டக்" என்று முன்னால் ஏதோ அடித்தது. பழுதாக்கும் என்று நினைத்தேன். "கத காது குடுத்துக் கேளு" என்றார். பத்துப் பன்னிரண்டு அடி அடித்து நின்றுவிட்டது. அது பெற்றோல் பம்பின் சத்தமாம். காபரேற்றரின் பக்கத்தில் ஒரு சிறிய கிண்ணம் இருக்கிறது. அது நிறையும்வரை பம்ப் அடிக்கும், நிறைந்ததும் மிதவை மேலெழுந்து வழியை மூடும், பம்ப் நிற்கும். நிற்காமல் அடித்துக்கொண்டேயிருந்தால் ஒன்றில் தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது மிதவையின் ஊசி தேய்ந்து பெற்றோல் வெளியே வழிகிறது. வழிந்தால் காசும் போகும், தீயும் பிடிக்கும். காலையில் அந்த ஒரு நிமிடச் சத்தத்தைக் கேட்டே அன்றைக்குக் கார் ஓடுமா ஓடாதா என்று சொல்லிவிடுவார்.

பிறகு சோக்கை இழுத்து ஸ்டார்ட்டரை இழுத்தார். பிடித்துக்கொண்டது.

கல்முனைச் சந்தையில் அப்போதுதான் மீன் இறங்கிக்கொண்டிருந்தது. சாய்ந்தமருது தாண்டி, சுவாமி விபுலாநந்தர் 1892இல் பிறந்த காரைதீவு தாண்டி, நிந்தவூர் வரைக்கும் வீடுகளும் பள்ளிவாசல்களும் கோயில்களும் விட்டுவிட்டு வரும். ஊருக்கு ஊர் எல்லை தெரியாது. தெரிந்த காலமும் ஒன்று இருந்தது.

ராத்தாவின் கணவர் இந்தக் காரை வாடகைக்கு ஓட்டியவர். 1990 ஆடி மாதம் கார் ஓடாமல் கிடந்தது. காபரேற்றருக்கு ஒரு சிறு சாமான் வாங்க மட்டக்களப்புக்குப் போகிறேன் என்று காலையில் போனவர் திரும்பி வரவில்லை. அந்த மாதங்களில் அந்த வீதியால் போய் வராதவர்கள் இரண்டு சமூகத்திலும் நிறைய. இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை. மையித்தும் கிடைக்கவில்லை. இரண்டு பெண்பிள்ளைகளும் ஓடாத ஒரு காரும்தான் மிஞ்சியது.

"வித்துப்போடு எண்டாக. ஓடாத கார ஆரு வாங்குவான்? ஓட வெச்சா விக்கலாம் எண்டு நெனச்சுத்தான் தொட்டன்" என்றார். ஊரிலிருந்த வயதான மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார், இவர் கையால் செய்தார். இத்தா முடிந்த கையோடு ஒரு பொம்பிளை காருக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறாளே என்று பேசியவர்களும் உண்டு. அவர்களில் இரண்டு பேர் பின்னாளில் மகளின் பிரசவத்துக்கு நள்ளிரவில் இதே காரைத்தான் கூப்பிட்டார்கள்.

களியோடைப் பாலத்தைக் கடந்தால் ஒலுவில். வயலும் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒரு பக்கம், கடல் மறுபக்கம். இங்கே 2013இல் துறைமுகம் திறந்தார்கள். அதன்பின் கரை அரித்துத் தென்னந்தோட்டங்கள் கடலுக்குள் போயின. கடலின் உப்புக் காற்று காரையும் அரிக்கிறது. இரவில் கடல் பக்கம் பின்புறம் இருக்கும்படி நிறுத்தவேண்டுமாம், இஞ்சின் மறைவாக இருக்க. மழைக்காலம் முடிந்ததும் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவி, பழைய இஞ்சின் ஒயிலைத் துணியால் பூசிவிடுவார். செலவில்லாத வேலை, கைதான் கறுக்கும்.

நல்ல தண்ணீர் என்றதும் 2004 டிசம்பர் 26 பற்றிச் சொன்னார். சுனாமி காரை வளவிலிருந்து இழுத்துக்கொண்டுபோய் ஒரு மதிலோடு சாத்திவிட்டது. பிள்ளைகள் தப்பினார்கள். ஒரு கிழமைக்குப் பிறகுதான் காரைப் பார்க்க மனம் வந்தது. பிளக் நான்கையும் கழற்றி, ஒயிலோடு கலந்திருந்த கடல் தண்ணீரை வடியவிட்டு, துவாரங்களால் டீசல் ஊற்றி, முன்னால் கைப்பிடி போட்டு மெதுவாகச் சுற்றியிருக்கிறார். இஞ்சின் இறுகிப்போகாமல் காப்பாற்றியது அதுதான். ஆனால் உப்பைக் கழுவ நல்ல தண்ணீர் எங்கே? கிணறெல்லாம் உப்பாகிப் போயிருந்த நேரம். பவுசரில் வந்த குடிதண்ணீரில் தன் பங்கு இரண்டு வாளியைக் காருக்கு ஊற்றினாராம். முகாமிலிருந்த எல்லோரும் ஏசினார்கள். "ஏசினது சரிதான்" என்று இப்போதும் சொல்கிறார். அன்று பிடித்த துரு இன்னும் பெற்றோல் தாங்கிக்குள் இருக்கிறது. அதனால்தான் குழாயின் நடுவில் ஒரு மலிவான பிளாஸ்டிக் வடி போட்டிருக்கிறார். அதையும் தப்பி வரும் துருவைப் பிடிக்கக் கிண்ணத்தின் மூடிக்குள் ஒரு சின்னக் கம்பிவலை உண்டு. மாதம் ஒருமுறை கழற்றி ஊதிப்போடுவார். கார் இழுக்கவில்லை என்று கராஜில் விடும் பலருடைய பிரச்சினை இந்த ஊதலோடு தீர்ந்துவிடுமாம்.

அக்கரைப்பற்றில் தேநீர் குடித்தோம். வெயில் ஏறிவிட்டது. திருக்கோவிலைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் கார் இருமி, விக்கி, நின்றுவிட்டது. எனக்குப் பயம். முன்பு இந்த வீதியில் கார் நிற்பது சும்மா விஷயமல்ல. சோதனைச் சாவடியில் இஞ்சினை நிறுத்தச் சொல்வார்கள். பற்றரி பலவீனமான கார் பிறகு பிடிக்காது. துவக்கோடு நிற்பவர்களுக்கு முன்னால் இறங்கித் தள்ளவேண்டும். ராத்தா அப்படித் தள்ளியவர். இன்று அவர் பதறவில்லை. போத்தல் தண்ணீரில் ஒரு துணியை நனைத்துப் பம்பின் மேலும் காபரேற்றர்க் கிண்ணத்தின் மேலும் போட்டார். சூட்டில் பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிட்டால் பம்ப் அடித்தாலும் எண்ணெய் வராது, குளிர்ந்தால் வரும். கால்மணி நேரம் மரநிழலில் இருந்தோம்.

அந்த நேரத்தில் பக்கத்து வளவிலிருந்து ஒரு தமிழ் அக்கா வந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே கலியாணம் முடித்து வந்தவர். காரைக் கண்டதும் அவருக்குக் கதை வந்துவிட்டது. 1990இலிருந்து 1995 வரை, பெற்றோல் வடக்குக்குப் போகாமல் தடைசெய்யப்பட்ட காலத்தில், அங்கே பழைய மொரிஸும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின. போத்தலில் பொத்திவைத்த கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் செய்து, இஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, அதனால்தான் முதலில் பெற்றோல் வேண்டும். புகையும் நாற்றமும் தாங்காது, ஒயிலும் கெட்டுப்போகும். ஆனாலும் கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அந்தக் கார்கள்தான் என்றார் அக்கா. கணினி வைத்த இன்றைய காருக்கு மண்ணெண்ணெய் ஊற்றிப் பாருங்கள்!

ராத்தா அப்படிச் செய்ததில்லை. 2022இல் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவுக்குப் போய், பிறகு கியூஆர் அட்டைக்குக் கிழமைக்கு 20 லீற்றர் கிடைத்தபோது, அந்த இருபது லீற்றரையும் கொப்பியில் கணக்கெழுதி ஓட்டினார். ஆஸ்பத்திரிப் பயணம் முதலில், கலியாணப் பயணம் இல்லவே இல்லை. லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் குறைந்தால் எங்கோ பிழை என்று அர்த்தம். பொயின்ற் இடைவெளி, பிளக் நுனியின் நிறம் இரண்டையும் முதலில் பார்ப்பார். பிளக் கரிபோல் கறுத்திருந்தால் பெற்றோல் கூடுதலாகப் போகிறது, மண்ணிறமாக இருந்தால் சரி, வெள்ளையாக இருந்தால் குறைவு. சின்ன விஷயம் ஒன்று: இந்தக் காரின் காபரேற்றர் தலையில் உள்ள மூடியைத் திறந்து சில துளி மெல்லிய ஒயில் விடவேண்டும். அதற்குத் தன் தையல் மெசினின் ஒயில் குப்பியைத்தான் பாவிக்கிறார். அது வற்றினால் மிதித்ததும் கார் தயங்கும். நிறையப் பேருக்கு இது தெரியாது.

காசு இல்லையென்று தள்ளிப்போடக் கூடாதது ஒன்றுதான் என்றார்: முன் சில்லுகளின் அடிமூட்டுக்குக் கிறீஸ். அது காய்ந்து புரி தேய்ந்தால் ஓடும்போதே சில்லு மடங்கிச் சாயும். இந்த இனக் கார்களின் பெரிய குறை அது. பிரேக்கும் அதுவும் தவிர மற்றதெல்லாம் ஒரு மாதம் பொறுக்கும்.

கோமாரி தாண்டிப் பொத்துவில் வந்ததும் என் சாரன் வேலை அரைமணியில் முடிந்தது. ராத்தாவின் வேலை அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அறுகம்பே பக்கம் உல்லாசப் பயண விடுதி நடத்தும் ஒருவர் காரை விலைக்குக் கேட்டிருந்தார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபின் பழைய கார்களுக்கு விலை ஏறியது. 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதித்தும் பெரிதாக இறங்கவில்லை என்று அவரே சொன்னார். மைனர் என்றால் விரும்பிகள் தனி. இலங்கையிலுள்ள ஒரு தொழிற்சாலை 1990களில் இதன் தகட்டுப் பாகங்களைச் செய்து பிரித்தானியாவுக்கே அனுப்பியது. ராத்தாவுக்கு இளைய மகளின் மகளுக்கு வீடு கட்டவேண்டும். நம் பகுதியில் வீடு இல்லாமல் பெண்ணுக்கு மாப்பிள்ளை வராது என்பதை நீங்கள் அறிவீர்கள். சுவர் எழும்பி நிற்கிறது, கூரை இல்லை. அவர் சொன்ன விலைக்குக் கூரை போட்டுப் பூச்சும் பூசலாம்.

"ஓட்டுவீங்களா தம்பி?" என்று கேட்டார் ராத்தா. இல்லையாம். இஞ்சினைக் கழற்றிவிட்டு முன் தோட்டத்தில் பூச்செடி நடுவே வைப்பாராம், வெள்ளைக்காரர் படம் எடுக்க.

ராத்தா காரை ஒருமுறை சுற்றிவந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றார். விலை போதாது என்று நினைத்தோ என்னவோ அவர் இன்னும் கூட்டிச் சொன்னார். அதற்கும் அதே பதில்தான்.

திரும்பி வரும்போது ஒலுவில் வரை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. உண்மையில் நானாக இருந்தால் விற்றிருப்பேன். களியோடையில் தானாகவே சொன்னார்: "கூரையும் வேணும்தான். ஆனா இத வித்தா பொறகு கிழமைக்குக் கிழமை வாற காசு எங்கால?" மாதத்தில் நான்கைந்து ஆஸ்பத்திரிப் பயணம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஐந்து பேர், என்னைப் போன்ற பொதிக்காரிகள். கொப்பியில் எல்லாம் இருக்கிறது.

போன கிழமை பார்த்தேன். வீட்டுக்கு முன்னால் பத்துக் கூரைத் தகடு வந்திறங்கியிருந்தது. முழுக்கூரைக்குக் காணாது. கார் பலாமரத்தடியில், முன் சில்லு கழற்றிக் கல்லில் நின்றது. பேத்திதான் கிறீஸ் குழலைப் பிடித்துக்கொண்டு கீழே குந்தியிருந்தாள்.