பகடை யார் பக்கம்?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பெயர், காலேஜ் வயசில் பிள்ளைகளை வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் காதில் விழுந்திருக்கும். விழாதவர்களுக்கு ஒரு சின்ன முன்னுரை. பாட்டி கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள். பேரன் நடுவில் புகுந்து, "அந்த ராட்சசன் காலை நான் வெட்டறேன்" என்கிறான். "சரி, தாயக்கட்டையை உருட்டு, என்ன விழுதுன்னு பார்ப்போம்" என்கிறாள் பாட்டி. அவ்வளவுதான் ஆட்டம். நம்ம தாயக்கட்டைக்கு நாலு பக்கம், இவர்களின் முக்கியமான பகடைக்கு இருபது பக்கம். அந்தப் பாட்டிக்குப் பெயர் டஞ்சன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். பேரன் பேத்திகள் பிளேயர்கள். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இரண்டு பேர் ஆரம்பித்து வைத்தது.

எங்கள் வீட்டில் டிஎம் என் பெண். பிளேயர்கள் நாலு பேர்: ஒரு மராத்திப் பையன், ஒரு மலையாளிப் பையன், பெங்காலி அக்கா தங்கை. ஞாயிறு மதியமானால் டைனிங் டேபிள் அவர்களுடையது, தங்கமணியின் முறுக்கு டப்பாவும்தான். ஆட்டம் பாதி ஆங்கிலம், பாதி இந்தி. ராட்சசனுக்குக் கோபம் வந்தால் மட்டும் அவன் தமிழில் திட்டுவான்.

இதில் எனக்கென்ன அக்கறை என்றால், ட்ரான்ஸ்ஃபர் வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே புரியும். இவள் படித்தது நாலு ஊரில், நாலு ஸ்கூல். ஒவ்வொரு ஊரிலும் சிநேகிதம் கெட்டிப்படும் நேரத்தில் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் லாரி வந்து நிற்கும். புனே வந்து கிடைத்த இந்தக் கும்பல்தான் மூணு வருஷம் தாண்டி நிற்கும் முதல் கும்பல். அதனால்தான் ஒரு நாள் அவள், "அப்பா, புது ரூல்ஸ் எல்லாம் பிளேயருக்குத்தான் சாதகம். டிஎம்முக்கு வேலைதான் மிச்சம். நிறுத்திடலாம்னு இருக்கேன்" என்றதும் எனக்குச் சுருக்கென்றது.

புத்தகங்களை வாங்கி, இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் படிக்கிற மாதிரி பென்சிலோடு உட்கார்ந்தேன். 2014-ல் வந்த விதிகளைத் திருத்தி, பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கை 2024 செப்டம்பரிலும், டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடை நவம்பரிலும், பேய் பிசாசு பட்டியலான மான்ஸ்டர் மேனுவலை 2025 பிப்ரவரியிலும் வெளியிட்டிருக்கிறார்கள்.

பெண் சொன்னது பொய்யில்லை. முதல் லெவலிலேயே எல்லாருக்கும் ஒரு 'ஃபீட்', அதாவது ஒரு விசேஷத் திறமை. மனிதனாக ஆடுகிறவன் இரவு தூங்கி எழுந்தால், பிடிக்காத பகடையை ஒரு தடவை மறுபடி உருட்டிக்கொள்ளலாம். காயத்தை ஆற்றும் மந்திரத்துக்கு முன்பு ஒரு எட்டுமுகப் பகடை, இப்போது இரண்டு. மருந்துக் குப்பியைக் குடிக்க முன்பெல்லாம் அந்தச் சுற்றின் வேலையையே செலவழிக்க வேண்டும். இப்போது போகிற போக்கில் குடித்துவிட்டு அடிக்கவும் அடிக்கலாம். (இதைப் பல வீடுகளில் ஏற்கனவே வீட்டுச் சட்டமாக வைத்திருந்தார்களாம். சர்க்குலர் பின்னால் வந்து நடைமுறையை ரெகுலரைஸ் பண்ணுவது நமக்குத் தெரியாததா?)

எல்லாவற்றையும் விட 'வெப்பன் மாஸ்டரி' என்று ஒன்று. ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு தனி வித்தை. அதில் 'டாப்பிள்' என்பதுதான் எங்கள் வீட்டில் கலகம் பண்ணியது. மலையாளிப் பையன் கோடாலியால் அடித்து, அடி பட்டுவிட்டால், எதிரி கீழே விழாமல் தாக்குப்பிடிக்கிறதா என்று டிஎம் பகடை உருட்ட வேண்டும். அவன் ஃபைட்டர், ஐந்தாம் லெவல். ஒரு சுற்றில் இரண்டு அடி. 'ஆக்‌ஷன் சர்ஜ்' போட்டால் நாலு. ஒவ்வொன்றுக்கும், "ஏய், விழுந்துச்சா? உருட்டு" என்கிறான். கதையை நகர்த்த வேண்டியவள் உருட்டிக்கொண்டே இருக்கிறாள்.

போதாததற்கு டிஎம் புத்தகத்திலேயே ஒரு அத்தியாயம் பிளேயர்களுக்கு: 'பேஸ்டியன்', அதாவது ஐந்தாம் லெவலிலிருந்து ஆளுக்கொரு கோட்டை. வீட்டுக்கடன் கூட இல்லாமல்!

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. மராத்திப் பையன் ஆடுவது பாலடின், சாமி பேரைச் சொல்லி வெட்டுகிற வீரன். முன்பு ஒரே சுற்றில் ஒவ்வொரு வெட்டோடும் தெய்வ சக்தியைச் சேர்த்துப் பொழியலாம். புது விதியில் சுற்றுக்கு ஒரு தடவைதான். அவன் அன்றைக்கு முறுக்கைத் தொடவே இல்லை. ஓநாயையும் பாருங்கள். 2014-ல் அது கடித்தால் விழாமல் நிற்க உங்களுக்கு ஒரு பகடை வாய்ப்பு உண்டு. இப்போது கடி பட்டால், மனிதன் அளவுக்குள் இருக்கிற யாராக இருந்தாலும் நேராகத் தரைதான். கூட்டமாக வரும் எதிரிகளைக் கணக்கெடுக்கும்போது எண்ணிக்கைக்கு ஏற்ப ஒரு பெருக்கல் போட வேண்டியிருந்தது, அதையும் எடுத்துவிட்டார்கள். அதே பட்ஜெட்டில் டிஎம் இன்னும் நாலு ஓநாயை இறக்கலாம்.

அப்புறம் கொஞ்சம் பழைய கணக்கும் பார்த்தேன். 1978-ல் வந்த பிளேயர் புத்தகத்தில், எதிரியை அடிக்க எத்தனை விழ வேண்டும் என்ற அட்டவணையே கிடையாது. அது 1979-ல் வந்த டிஎம் புத்தகத்தில்தான் இருந்தது. மானுவல் மேனேஜர் ரூம் பீரோவுக்குள், சாவி அவர் இடுப்பில். 2008-ல் வந்த நாலாம் பதிப்பில் மந்திரப் பொருள்களின் பட்டியல் கூட பிளேயர் புத்தகத்துக்கு வந்துவிட்டது.

பி.காம். படித்தவனுக்கு இதன் காரணம் புரியாமல் போகாது. மேஜையைச் சுற்றி ஐந்து பேர் என்றால் நாலு பேர் பிளேயர், ஒருத்தர் டிஎம். பிளேயர் புத்தகம் ஐந்து பேருக்கும் வேண்டும். டிஎம் புத்தகம் ஒருவருக்குப் போதும். கடைக்காரன் எந்தப் புத்தகத்தில் அதிகம் சர்க்கரை போடுவான்?

எங்கள் பேங்கிலும் பார்த்ததுதான். நான் 2003-ல் சேர்ந்தபோது "ஹெட் ஆபீஸ் சர்க்குலர் சார்" என்றால் கஸ்டமர் எழுந்து போய்விடுவார். 2024 அக்டோபரிலிருந்து சில்லறைக் கடன் கேட்டு வருகிறவர் கையில், மொத்தச் செலவு எவ்வளவு என்ற விவரத்தாளை நாங்களே கொடுத்தாக வேண்டும். ரிசர்வ் வங்கி உத்தரவு. இதனால் மேனேஜர் அதிகாரம் போச்சு என்று புலம்புகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாருக்குக் கடன், எவ்வளவு என்ற தீர்மானம் இன்னும் இந்தப் பக்கம்தான். கூடியது வேலை. அந்தக் காலத்தில் பிராஞ்ச் மேனேஜர் நாற்காலிக்கு அடிபிடி. இப்போது என்னோடு இருக்கும் நல்ல ஆபீசர்களில் சிலர் ப்ரமோஷனே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிறார்கள்.

பெண்ணிடம் இதைத்தான் சொன்னேன். "உன் அதிகாரத்தை யாரும் எடுக்கலை. கதவுக்குப் பின்னால எத்தனை ஓநாய்ங்கறது உனக்கு மட்டும்தானே தெரியும்? எடுத்தது உன் மூச்சு விடற நேரத்தைத்தான். அதைத் திருப்பிக் கேளு."

"எப்படிப்பா?"

"கிளார்க் வேலையைக் கவுன்டருக்கு அந்தப் பக்கம் தள்ளு. பாஸ்புக்கை அவங்களே மெஷின்ல போட்டு பிரின்ட் எடுத்துக்கலையா?"

ஒரு நிமிஷம் முறைத்தாள். அடுத்த வாரம் புது வீட்டுச் சட்டம் வந்தது. கோடாலிக்காரன் அடித்தால், எதிரி விழுந்ததா என்ற பகடையையும் அவனே எல்லார் முன்னாலும் உருட்ட வேண்டும். யாருக்கு எத்தனை உயிர் மிச்சம் என்ற கணக்கு நோட்டு பெங்காலித் தங்கையிடம். அவள் சி.ஏ.வுக்குப் படிக்கிறாள், ஒரு புள்ளி விடமாட்டாள். மாதத்தில் ஒரு ஞாயிறு வேறு ஒருவர் டிஎம்.

முதல் முறை மராத்திப் பையன். என் பெண் மூணு வருஷத்தில் முதல் தடவையாக வெறும் பிளேயர், கையில் ஒரு கோடாலி. அவன் ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து கதை தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தான். பிளேயர்களோ அவன் வரைந்து வைத்த கோட்டைப் பக்கமே போகாமல் சந்தையில் ஆட்டுக்குட்டி விலை பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சண்டை வந்தது. இவள் அடித்தாள், சிரித்துக்கொண்டே "டாப்பிள்!" என்றாள்.

"யார், ப்ளீஸ்" என்றான் அவன், இரண்டு கையையும் கூப்பி.