பன்னீர் திராட்சையின் இத்தாலிய உறவு

தாடிக்கொம்பில் தள்ளுவண்டியில் வாங்கித் தின்கிறோமே பன்னீர் திராட்சை, அதற்கு இத்தாலியில் சொந்தம் உண்டு! மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் உலகப் பெயர். வட இத்தாலிய மலைச்சரிவுகளில் வெளிர் சிவப்பு ஒயினுக்காக வளர்க்கும் ஸ்கியாவாவும் அலெக்சாண்டிரியா மஸ்கட்டும் கலந்து பிறந்த ரகம் இது. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832இல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்கிறார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம்ம வெள்ளோடு, சின்னாளபட்டிப் பந்தல்களிலும் இதே கொடிதான்.

அதே இத்தாலியின் பெரும்புகழ் ஒயின் பரோலோ. பீட்மாண்ட் குன்றுகளில் விளையும் நெபியோலோ திராட்சையில் செய்வது. நிறம் வெளிறித்தான் இருக்கும். துவர்ப்போ நாக்கைக் கவ்வும். அது அடங்க 38 மாதம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில், முதிர வைத்த பிறகே விற்கலாம் என்பது அங்கே சட்டம். பரோலோவின் மணத்தை ரோஜா என்று வர்ணிப்பார்கள். நம்ம பழத்தின் மணமும் அதுதானே!

அங்கே குளிர்காலத்தில் கொடி உறங்கிவிடும். ஆண்டுக்கு ஒரே அறுவடை. இங்கே உறக்கமே கிடையாது, கவாத்து செய்தால் மறுபடி காய்க்கும். பரோலோவுக்கு ஊர் ஊராக எல்லை வகுத்து மதிக்கிறார்கள். வெள்ளோட்டுப் பந்தலுக்கும் அந்த மரியாதை கிடைக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.