பாஸ்கா இரவும் படக்கருவியும்

சேர்வராயன் மலையில் காபிச் செடி பூக்கும் பருவமும் உயிர்ப்புப் பெருவிழாவும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒட்டியே வரும். ஒரு கோடைமழை பெய்து பத்து நாள் கழிந்தால் தோட்டங்கள் வெண்மை போர்த்துக்கொள்ளும். அந்த மணம் ஆலயத்துக்குள்ளும் வந்து நிற்கும். மாலையானால் மூடுபனி இறங்கும். ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டுப் பகுதியில் பாஸ்காத் திருவிழிப்பைக் கொண்டாடியவர்கள் அந்தக் குளிரையும் இருளையும் அறிவார்கள்.

இரவு கவிந்தபின்தான் இத்திருவிழிப்பு தொடங்க வேண்டும் என்பது திருச்சபையின் ஒழுங்கு. விளக்குகளெல்லாம் அணைந்திருக்க, வெளியே புதுத்தீ மந்திரிக்கப்படுகிறது. அதிலிருந்து பாஸ்காத் திரி ஏற்றப்படுகிறது. அந்த ஒரே சுடர் இருண்ட ஆலயத்துக்குள் நுழைகிறது. பின்னர் கைத்திரி கைத்திரியாக ஒளி பரவுகிறது. இருளையே வழிபாட்டின் ஒரு பகுதியாகக் கொண்ட இரவு ஆண்டில் இதைப்போல் வேறில்லை. படமெடுப்போர் பெரிதும் விரும்புவதும் இதே இரவைத்தான்.

2018 மார்ச் 31 அன்று பௌர்ணமி. ஆனால் பனி நிலவை விழுங்கியிருந்தது. குழந்தைக்குத் திருமுழுக்குப் பெறவிருந்த குடும்பத்தார் ஒரு படக்காரரை அழைத்து வந்திருந்தனர். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வந்த அவர், ஆலய வாசலில் எனக்கு நேர் எதிரே நின்றார். திரியை உயர்த்திப் பாட நான் வாய் திறக்கவும், பிளாஷ் பளீரென்று வெட்டியது. கதவு வழியே நுழைந்திருந்த பனி அவ்வெளிச்சத்தைத் திருப்பியடித்து வெண்சுவர்போல் நின்றது. அதன்பின் எவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கண் இருளுக்கு முழுதும் பழக இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். அதைப் பறிக்க ஒரு நொடி போதும். என் பின்னே வந்த முதியவர் ஒருவர் படி தெரியாமல் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். "ஒண்ணுமில்லை சாமி, நீங்க பாடுங்க" என்றார். பாடினேன். குரலில் உயிர்ப்பின் மகிழ்ச்சி இல்லை, கோபந்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் அக்கோபம் வெளிப்பட்டது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2017 நவம்பர் 8 அன்று பொது மறையுரையில், திருப்பலியின்போது குரு இதயங்களை மேலே எழுப்பத்தான் அழைக்கிறாரே தவிர கைப்பேசிகளை அல்ல என்று வருந்திச் சொன்னதை எடுத்துக்காட்டினேன். படமெடுப்போரில் குருக்களும் ஆயர்களும் உண்டு என்று அவர் சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். முடிவில், இனி வழிபாட்டில் ஒருவரும் படமெடுக்கலாகாது என்று தடை விதித்தேன். மக்கள் பணிந்தனர். நல்ல மேய்ப்பன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

2019 ஏப்ரல் 20 திருவிழிப்பில், ஏறக்குறைய அறுபது வயதான ஒரு தாய் திருமுழுக்குப் பெற்றார். ஆயுள் முழுவதும் தோட்டத்தில் காபிப் பழம் பறித்தவர். எழுத்தறியாதவராயினும் இரண்டு ஆண்டுகள் மறைக்கல்விக்குத் தவறாமல் வந்தவர். தலையில் தண்ணீர் வழிந்தபோது அந்த முகத்தை நான் பார்த்தேன். அவ்வாண்டு மழைக்காலத்தில் அவர் காலமானார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள், அடக்கம் முடிந்த மறுநாள் பங்கு இல்லத்துக்கு வந்தாள். "அன்னிக்கு லீவு கிடைக்கலை சாமி. அம்மா ஞானஸ்நானம் வாங்கின போட்டோ ஒண்ணு இருக்குமா?" என்று கேட்டாள்.

திருமுழுக்குப் பதிவேட்டைத் திறந்து காட்டினேன். பெயர், நாள், ஞானத்தாயின் பெயர், என் கையெழுத்து எல்லாம் இருந்தன. அவள் அந்த ஒற்றை வரியை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்றிரவே 1967 மே 25 அன்று உரோமையில் வெளியிடப்பட்ட நற்கருணை மறைபொருள் பற்றிய போதனையை எடுத்துப் பார்த்தேன். குருமடத்தில் படித்ததுதான். வழிபாடு படமெடுப்பதால் கலைக்கப்படலாகாது என்று அது கண்டிப்பாகக் கூறுகிறது. தகுந்த காரணம் இருப்பின் மிகுந்த அடக்கத்துடன், ஆயரின் விதிமுறைகளுக்கு உட்பட்டு எடுக்கவும் இடமளிக்கிறது. அதன் முற்பாதி மட்டுமே எனக்கு நினைவிருந்திருக்கிறது.

(2020 ஏப்ரலில் ஊரடங்கின்போது மக்களற்ற ஆலயத்தில் ஒரு முக்காலிமேல் வைத்த கைப்பேசியை நோக்கியே திருவிழிப்பை நிறைவேற்றினேன். தடை விதித்தவனுக்கு இதைவிட நல்ல தண்டனை இல்லை.)

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குருமடத்தில் நானே படக்காரன். இல்லத்துக்குச் சொந்தமான யாஷிகா எலக்ட்ரோ 35 என் கையில் இருந்தது. எஃப் 1.7 லென்ஸ், ஓசை கேளாத ஷட்டர். படங்கள் நன்றாகவே வந்தன. ஆனால் எழுந்தேற்றத்தின்போது சுருளில் எத்தனை படம் மீதி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பிறர் செபத்தைக் கலைக்கவில்லை; என் செபம் போயிற்று.

ஆகவே 2022இல் பங்கைச் சேர்ந்த கல்லூரி மாணவன் ஒருவனை அழைத்து, "தம்பி, நீ ஒருவன் மட்டும் எடு; மற்றவர்கள் செபிக்கட்டும்" என்றேன். புனித வாரத்துக்கு முன் ஒரு மாலை வெறும் ஆலயத்தில் ஒற்றைத் திரியை ஏற்றிப் பயிற்சி செய்தோம். பிளாஷ் கிடையாது, குவியம் தேடக் காமிரா வீசும் சிறு விளக்கையும் அணைத்துவிட வேண்டும், பின்திரையின் ஒளியும் தெரியலாகாது. எஃப் 1.8 லென்ஸ், ஐ.எஸ்.ஓ. 3200 அல்லது 6400, நொடியில் அறுபதில் ஒரு பங்கு. சுடரை அளந்தால் முகம் கறுத்துவிடும்; ஆதலால் முகத்தையே அளக்க வேண்டும். திரி முகத்துக்கு நெருங்க நெருங்க வெளிச்சம் பன்மடங்காகும் என்பதால், பிடித்தவர் மூச்சு விடும் தூரத்தில் அது இருக்கும் கணத்துக்குக் காத்திருக்க வேண்டும். ஓசையற்ற ஷட்டரை மின்விளக்கு எரிந்தபின் மாற்றிவிடச் சொன்னேன், சில எல்.இ.டி. விளக்குகளின் கீழ் அது படத்தில் கோடு போட்டுவிடுகிறது. படம் சற்றுப் புள்ளி புள்ளியாக இருந்தால் இருக்கட்டும். நிற்குமிடம் பாடகர் பக்கத்துத் தூண் ஒன்றே. அழுகிறவர்களையும், நற்கருணை உட்கொள்கிறவர்களையும் எடுக்கலாகாது.

அவ்விரவு அவன் அங்கு நின்றதையே நான் மறந்துவிட்டேன். பிற்பாடு காட்டியவை பதினொரு படங்கள். அவற்றில் ஒன்று, 2018இல் விழுந்த அம்முதியவருடையது. காற்றில் அணையாதபடி சுடரைக் கையால் மறைத்திருக்கிறார். விரல்கள் செந்நிறமாக ஒளிர்கின்றன. பின்னால் முழு இருள். பிரதி எடுத்துக் கொடுத்தோம்.

திருமுழுக்கு பெற்றவர்களின் படங்களும் உண்டு. ஆனால் எல்லாரும் எழுந்து நின்று திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பித்த வேளையின் படம் ஒன்றுகூட இல்லை. அப்போது அவனுக்கும் ஒரு கைத்திரி கொடுக்கப்பட்டிருந்தது.