சொட்டு மருந்தும் ஒரு நாற்காலியும்

போலியோ சொட்டு மருந்து முகாம் நடந்த ஞாயிறன்று, கோவிலம்பாக்கத்தில் எங்கள் தெருமுனைப் பள்ளியிலிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். மாடி வீட்டு அக்கா படியில் அமர்ந்திருந்தார். குழந்தையின் சுண்டுவிரல் மையைச் சற்று நேரம் பார்த்தார். அவர் வன்னியிலிருந்து வந்தவர். போரைப் பற்றி நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

"அண்டைக்கு மட்டும் ஷெல் அடிக்கமாட்டினம் எண்டு சொன்னவை, தம்பி. நம்பித்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனனான்."

தொண்ணூறுகளின் இறுதியில் மல்லாவியில் நடந்தது. 1995 முதல் இலங்கையில் தேசியத் தடுப்பு மருந்து நாட்களுக்காக இரு தரப்பும் துப்பாக்கியைத் தாழ்த்தின. யுனிசெஃப் இடையில் நின்று பேசியது. 1985இல் எல் சால்வடாரில் செய்து பார்த்த வழிதான் இது. புலிகளின் ஆட்சியை எந்த நாடும் ஏற்றிருக்கவில்லை. ஆயினும் அங்கிருந்த அரசு மருத்துவமனைகளின் மருத்துவர்களுக்குக் கொழும்பிலிருந்தே சம்பளம் வந்தது. யார் யாரை அங்கீகரிப்பது என்ற கேள்விக்கு விடை காணாமலே மருந்துப் பெட்டி சோதனைச் சாவடியைக் கடந்தது.

இதை மனிதநேயம் என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனமில்லை. சொட்டு மருந்தை உள்ளே விட்ட அதே சாவடியில் எரிபொருளுக்கும் பல மருந்துகளுக்கும் கட்டுப்பாடு இருந்தது. "பனடோலுக்கும் அலைஞ்சனாங்கள்" என்றார் அக்கா, சிரித்துக்கொண்டே. ஆனாலும் பலன் இல்லாமல் போகவில்லை. 1999இல் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மலேரியா கண்ட தீவு, 2016இல் அந்நோயற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. வன்னியை வரைபடத்துக்கு வெளியே விட்டிருந்தால் அது கிடைத்திருக்காது.

அன்று மாலை அவரிடம் தைவானைப் பற்றிச் சொன்னேன். 2003 மார்ச்சில் அங்கே சார்ஸ் நுழைந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் இருவர் தைப்பேயில் வந்து இறங்கியபோது மே மாதம் பிறந்திருந்தது. 1972க்குப் பிறகு அந்நிறுவனம் அங்கே கால் வைத்தது அப்போதுதான். ஐ.நா.வில் சீனாவின் இடம் 1971இல் பெய்ஜிங்குக்குப் போனதன் விளைவு. பிறகு 2009 முதல் 2016 வரை, 'சீனத் தைப்பே' என்ற பெயரில், உலக சுகாதாரப் பேரவையில் பார்வையாளர் நாற்காலி ஒன்று போட்டார்கள். 2017 முதல் அழைப்பு நின்றது. இடையில் கோவிட் வந்து போயிற்று, நாற்காலி திரும்பவில்லை. இரண்டு கோடிக்கு மேல் மக்கள், தேர்ந்த மருத்துவமனைகள், நோய்களைக் கண்காணிக்கத் தனித் துறை எல்லாம் அங்கே உண்டு.

அக்கா குழந்தையின் விரலை இன்னும் விடவில்லை.

"அங்கையும் சண்டையோ, தம்பி?"

"இல்லை அக்கா. சண்டை ஒன்றும் நடக்கவில்லை."

"பிறகென்ன?"